ஏலத்துக்கு வந்த ராஜா

முன்னொரு காலத்தில், காற்று அடித்தால்தான் கப்பல் நகரும் என்றிருந்த காலத்தில், பவழத்துறை என்று ஒரு கடலோர ராஜ்ஜியம் இருந்தது. அதன் துறைமுகத்தில் ஒரு பெரிய ஏலக்களம். ஏழு கடல் தாண்டி வரும் சாமான்கள் எல்லாம் அங்கேதான் விலைபோகும். அவற்றைக் கூவி விற்பவள் பெயர் வடிவம்மை.

வடிவம்மைக்கு வெண்கலக் குரல். அவள் களத்தில் நின்று "ஒரு தரம்" என்றால், நங்கூரம் போட்ட கப்பலில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். குரலைவிடப் பெரியது அவள் நேர்மை. பொருளின் நிறையைச் சொன்ன வாயாலேயே குறையையும் சொல்லிவிட்டுத்தான் மூன்றாம் தரம் கூவுவாள். களத்தின் சட்டமும் அதுதான்.

அந்த வருஷம் ஊருக்கே ஒரு கவலை. ராஜா மகரகேது, ராணி சித்திராங்கி, இளவரசி நீலவேணி, மூன்று பேரையும் ஆறு மாதமாகக் காணோம். துறைக்கு வந்த ஒரு புதுக் கப்பலைச் சுற்றிப் பார்க்க ஏறினார்கள். கப்பல் போயிற்று, அவர்களும் போனார்கள். மந்திரி வெறும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எப்படியோ ராஜ்ஜியத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் தூமகண்டன் என்று ஒரு வியாபாரி வந்து இறங்கினான். கறுப்பு அங்கி, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. இங்கிலாந்துச் சீமையில் பழைய பிரபுக்கள் வீட்டில் இருந்த சாமான்கள் என்று மூன்றைக் களத்தில் இறக்கினான்.

ஒன்று, ஆளைவிட உயரமான நெட்டைக் கடிகாரம். அதன் மரக்கூட்டுக்குள் பித்தளை ஊசல் ஆடும். முகத்தட்டின் மேலே வர்ணத்தில் தீட்டிய ஒரு முழு நிலா சிரிக்கும். இரண்டாவது, அக்ரூட் மரத்தில் செய்த எழுத்து மேசை. சாய்ந்த மூடியைத் திறந்தால் உள்ளே வரிசை வரிசையாகக் குட்டி இழுப்பறைகள். மூன்றாவது, வெள்ளைப் பீங்கானில் ஒரு நாய். கழுத்தில் பொன் சங்கிலி தீட்டியிருந்தது.

தூமகண்டன் ஒரு காகிதத்தை நீட்டினான். அதில் இருப்பதை மட்டும் கூவவேண்டும், ஒரு சொல் கூடக்கூடாது, நாளைக் காலையில் ஏலம், மாலையில் தன் கப்பல் கிளம்பிவிடும் என்றான்.

அன்று மத்தியானம் வடிவம்மை சாமான்களைத் துடைக்க உட்கார்ந்தாள். கடிகாரம் மணி அடிப்பதற்கு முன்னால் கர், கர், கர் என்று மூன்று முறை தொண்டையைச் செருமியது. மணி அடித்ததுகூட அரைமணி தாமதமாகத்தான். நம் ராஜா சபைக்கு வருகிற அழகுதான் என்று நினைத்து அவள் சிரித்தாள். மேசையைத் துடைத்தாள். விரல் எங்கோ பட, மறைவாக இருந்த ஒரு சின்ன அறை தானாகத் திறந்தது. உள்ளே ஒரு பிடி கற்கண்டு. அரண்மனைக்கு யார் போனாலும் ராணி அள்ளிக் கொடுப்பாளே, அதே கற்கண்டு. சீமை மேசைக்குள் அது எப்படி வரும்? அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நாயை எடுத்துத் தாடைக்குக் கீழே மெல்லத் துடைத்தாள். நாய் கிளுக்கென்று சிரித்தது. இளவரசிக்குக் கழுத்தில் கை பட்டால் கூச்சம் தாங்காது என்று பூக்கட்டும் பெண்கள் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

வடிவம்மை துடைத்த துணியை அப்படியே போட்டாள். மந்திரியிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெயில் அதிகம் அம்மா, மோர் குடித்துவிட்டுப் படு என்று அனுப்பிவைத்தார்.

விடிந்தது. களம் நிரம்பி வழிந்தது. முதலில் கடிகாரம். மேற்குத் தீவின் பிரபு ஒருவர் ஒரு பெட்டி முத்துக்குக் கேட்டார். அதற்கு மேல் கேட்பார் இல்லை.

"ஒரு தரம்" என்றாள் வடிவம்மை. ஊசலின் பளபளப்பு மங்கிப்போயிற்று.

"ரெண்டு தரம்" என்றாள். ஊசல் நின்றது. முகத்தட்டில் இருந்த நிலாவின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது.

மூன்றாம் தரம் வாய்வரை வந்துவிட்டது. வடிவம்மை அதை விழுங்கிக்கொண்டாள். இதைச் சொன்னால் உள்ளே இருக்கிற உயிர் மரமாகவே போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. தவறாக இருந்தால் ஊர் சிரிக்கும், வேலை போகும். சரியாக இருந்தால்?

தூமகண்டன் அவள் காதருகே வந்தான்.

"சொல்லு. சொல்லாவிட்டால் உன் குரலைப் பிடுங்கிக்கொள்வேன். அப்புறம் ஆயுசுக்கும் ஊமைதான்."

அவன் தடியின் நுனியில் புகை சுருண்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. பயந்தாள், ஆனால் நகரவில்லை.

"சபையோரே, குறையைச் சொல்லாமல் நான் மூன்றாம் தரம் கூவியதில்லை. இந்தக் கடிகாரத்தில் ஒரு குறை உண்டு. இது விற்கிறவருடைய சொத்து இல்லை. இது கடிகாரமே இல்லை. இவர் நம்முடைய ராஜா மகரகேது!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. தடி அவள் கழுத்தை நோக்கி உயர்ந்தது. தொண்டை இறுகிக்கொண்டே வந்தது. மூன்று தரத்தில் விலைபோகிற உயிரை மூன்று தரம் பெயர் சொல்லி மீட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது; இருந்த மூச்சையெல்லாம் திரட்டி இன்னொரு தரம் கூவினாள்.

"மகரகேது மகாராஜா!"

கடிகாரம் கர்ரென்று செருமியது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தச் செருமலைத் தெரியாதவர் பவழத்துறையில் யார்? மூன்றாவது தரம் வடிவம்மைக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவு போதும் என்று ஊரே குரல் கொடுத்தது. மீன்காரிகளும் படகோட்டிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒரே குரலாகக் கூவினார்கள்.

"மகரகேது மகாராஜா!"

மரக்கூடு படாரென்று திறந்தது. உள்ளிருந்து ராஜா, கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தபடி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதே வேகத்தில் கூட்டம் ராணியின் பெயரை மூன்று தரம் கூவியது. மேசை இருந்த இடத்தில் ராணி நின்றாள். இளவரசியின் பெயரை மூன்று தரம் கூவியது. நீலவேணி வந்தவள், நேரே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

தூமகண்டன் தடியை ஓங்கினான். அது வெறும் முருங்கைக் குச்சியாக முறிந்து விழுந்தது. மாயம் போனபின் அவன் ஒரு மெலிந்த கிழவன், அவ்வளவுதான். அந்தப் புதுக் கப்பலும் அவனுடையதுதானாம், அதில் வைத்துத் துறைமுகத்தைத் தனக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டானாம், ராஜா மறுத்தாராம், அதனால் உங்களை உங்கள் சொந்த ஊரிலேயே பழைய சாமானாக விற்றுக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டானாம். ராஜா அவனைக் கொல்லவில்லை. துடுப்பு இல்லாத ஒரு படகில் ஏற்றி, மூன்று நாள் சோறும் கட்டிக்கொடுத்து, காற்று போகிற பக்கம் போகட்டும் என்று தள்ளிவிடச் சொன்னார்.

ராணி இஞ்சியும் தேனும் குழைத்துத் தன் கையாலேயே வடிவம்மைக்கு ஊட்டினாள். மூன்றாம் நாள் குரல் திரும்பியது. என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். பொன் வேண்டாம், அரண்மனை வேலையும் வேண்டாம், மழை வந்தால் களத்தில் எல்லோரும் நனைகிறோம், ஒரு கூரை போட்டுக் கொடுங்கள் என்றாள் அவள். நூறு தேக்குத் தூண் நிறுத்திக் கூரை எழும்பியது. திறப்பு நாளில் ஊருக்கே சர்க்கரைப் பொங்கல். வெறுங்கையோடு நின்ற மேற்குத் தீவுப் பிரபுவும் பந்தியில் உட்கார்ந்து, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெளியே அன்றைக்கென்று பார்த்து நல்ல மழை. உள்ளே ஒருவர்மேலும் ஒரு துளி விழவில்லை.

அவர்கள் அங்கே நனையாமல் இருந்தார்கள். நாம் இங்கே நலமாக இருப்போம். இவ்வளவு நேரம் கதை சொன்ன வாய்க்கு யாராவது ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவாருங்கள்.