பதினோரு மணிக் கொம்பு

பொன்னுலிங்கம் தன் குருவைத் தேடி வந்தபோது கையில் சுருட்டிய வரைபடமும் தோளில் ஒரு கம்பளிக் கோட்டும் இருந்தன. சித்திரை மாதம். வெளியே தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மேசை மேல் வரைபடத்தை விரித்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், இந்தக் கொம்பு யாரோடது?"

பேராசிரியை ஜெபக்கனி படத்தைப் பார்க்கவில்லை.

"இந்தக் கோட்டு யாரோடது?"

"என்னோடதுதான் மேடம். மீட்டிங்குக்குப் போட்டுக்கிட்டுப் போனது."

"சரி," என்றார் ஜெபக்கனி. விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

பொன்னுலிங்கம் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். இந்த அம்மாவிடம் நேராக ஒரு பதில் வாங்குவதற்குள் தனக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். அதற்கும் ரொம்ப தூரம் இல்லை. சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது, குருவுக்கு நாற்பது.

அவர் மின் விநியோக நிறுவனத்தில் செயற்பொறியாளர். நிறுவனமும் பல்கலைக்கழகமும் கைகோத்து ஒரு சூரிய மின்சார ஆய்வைத் தொடங்கியபோது, நிறுவனத்தின் சார்பில் ஒருங்கிணைப்பாளராக வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துகொண்டார். இரண்டு இடத்துக்கும் பெயர் உண்டு, நல்ல பெயர்தான். அது கெடாமல் இருக்கட்டும் என்று இங்கே சொல்லவில்லை.

பட்டத்தின் மேல் அவருக்கு ஆசை என்று சொன்னால் போதாது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்கு இத்தனை மாதம் இருக்கும்போதே அவர் மனைவி பத்திரிகைக்கு மாதிரி அச்சடித்து வாங்கி வைத்துவிட்டார். அதில் பொன்னுலிங்கத்தின் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சம்பந்தி வீட்டுக்கும் ஒன்று போய்விட்டது. இனி பின்வாங்க முடியாது.

ஆய்வு நன்றாகத்தான் போனது. பல்கலைக்கழகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் ஒரே மின்பாதை. கட்டடங்களின் மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்ட பிறகு, பகலில் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் பாதியாகக் குறைந்தது. வரைபடத்தில் நடுப்பகல் அழகான பள்ளமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தப் பள்ளத்தின் நடுவிலிருந்து, காலை பதினோரு மணிக்கு, செங்குத்தாக ஒரு கொம்பு முளைத்தது. பிற்பகலில் தானே மறைந்தது. இதற்கு விளக்கம் இல்லாவிட்டால் ஆய்வுக்கு நீட்டிப்பு கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. நீட்டிப்பு இல்லையென்றால் ஆய்வேடும் இல்லை, பட்டமும் இல்லை.

பொன்னுலிங்கத்துக்கு அது திருட்டுதான் என்பதில் சந்தேகமே இல்லை. முப்பது வருட உத்தியோகத்தில் கம்பியில் கொக்கி போட்டவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருப்பார். தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டார். மாவு மில்லில் நுழைந்து தலை நரைத்து வெளியே வந்தார். கல்யாண மண்டபத்தின் பின்சுவரில் ஏறியபோது சமையல்காரர்கள் அவரைப் பாத்திரத் திருடன் என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. பந்தி முடிந்த பிறகுதான் விட்டார்கள். சாப்பாடு போட்டே விட்டார்கள்.

கடைசியில் சந்தேகம் மாசிலாமணியின் வெல்டிங் பட்டறையில் வந்து நின்றது. மாசிலாமணி செவ்வாய்க்கிழமை கடை திறப்பதில்லை. முருகனுக்கு விரதம். வேறு யாராக இருந்தாலும் அதோடு பட்டறையை விட்டிருப்பார்கள். பொன்னுலிங்கத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மூடின ஷட்டருக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தன் இடைக்கால அறிக்கையில் மாசிலாமணியின் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதின அன்று மாசிலாமணி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தது மட்டும் தொண்டையில் கொஞ்சம் உறுத்தியது.

மறுபடி குருவிடம் வந்தார். கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லையே என்று ஆற்றாமையோடு சொன்னார்.

"அவன் வேலை செய்யுதது மாசத்துல ஒரே ஒரு நாள் மேடம். அந்த நாள் பாத்து என்னால வெளிய போக முடியல."

"ஏன் சார்?"

"முதல் செவ்வாய், பதினோரு மணிக்கு நம்ம மின்சிக்கன மீட்டிங்லா."

"ஓ," என்றார் ஜெபக்கனி.

பொன்னுலிங்கம் பொறுமையிழந்து, எனக்கு ஏதாவது வழி சொல்லுங்கள் என்று கையைக் கூப்பிவிட்டார்.

"அடுத்த மீட்டிங்ல, மின்பாதை மீட்டர்ல இருந்து நேரா வர்ற படத்தைத் திரையில போடுங்க."

"போட்டுடுதேன் மேடம்."

"கோட்டு போடாம வாங்க."

முதலாவது புரிந்தது. இரண்டாவது புரியவில்லை. ஆனாலும் குரு சொன்னால் சீடன் கேட்க வேண்டும் என்பதில் அவர் பழைய காலத்து மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டையோடு வந்து சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் மீட்டிங் நடக்கும் அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வின் தொடக்க விழாவில் தலைமைப் பொறியாளர் கைக்குட்டையால் இரண்டு முறை நெற்றியைத் துடைத்தார். பொன்னுலிங்கம் அதைப் பார்த்துவிட்டார். தன் மேலதிகாரிக்கு வேர்க்கும்படி விடுவதா என்று அன்றைக்கே ஓர் உத்தரவு போட்டார். மீட்டிங் நாளில் ஹாலின் ஏசி முன்கூட்டியே ஓட வேண்டும், பதினோரு மணிக்கு எல்லா ஏசியும் முழு வேகத்துக்கு வர வேண்டும் என்று. கீழே அவருடைய கையெழுத்து. அதன் பிறகு ஹால் அப்படிக் குளிர்ந்தது. துணைவேந்தருக்கு முழங்காலில் வலி வந்தது. அதற்காக மேசைக்கு அடியில் ஒரு ஹீட்டர் வைத்தார்கள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு ஹீட்டர் வந்தது. பேராசிரியர்களுக்குச் சுடச்சுட சுக்குக் காபி வேண்டியிருந்தது. வாசலில் வரிசையாக மின்சாரக் கெண்டிகள் கொதித்தன.

விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நம் ஊர் வழக்கம். போர்த்தியதும் வாங்கி மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் வழக்கம்தான். இந்த ஹாலில் மட்டும் யாரும் அதை எடுத்ததில்லை. இரண்டு சுற்று சுற்றி, நுனியைக் காதோடு செருகிக்கொண்டு மின்சிக்கனத்தைப் பற்றிப் பேசினார்கள். பொன்னாடை போர்த்தி முடிக்கும் வேலை பொன்னுலிங்கத்துடையது. அவருக்கு யாரும் போர்த்தியதில்லை. அதற்காகத்தான் அந்தக் கோட்டு.

அன்றைக்கு அவர் பல் தந்தியடித்தது. கையைக் கட்டிக்கொண்டார்; அக்குளில் வைத்துக்கொண்டார்; மரியாதை பார்க்காமல் கடைசியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்தார். பக்கத்தில் ஜெபக்கனி தன் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு திரையைப் பார்த்தார்.

திரையில் கொம்பு முளைத்தது.

ஹால் பரபரத்தது. தலைமைப் பொறியாளர் பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டினார். திருடன் இந்த நிமிஷம் வேலை செய்துகொண்டிருக்கிறான், ஓடிப்போய்ப் பிடியுங்கள் என்றார். பொன்னுலிங்கம் எழுந்து ஓடினார். கதவு வரைக்கும் போனவருக்குக் கைப்பிடியைத் திருகவே விரல் மடங்கவில்லை. பக்கத்துப் பலகையில் ஹாலின் ஏசிக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய சுவிட்ச். திருடன் எங்கே போய்விடப் போகிறான், முதலில் கொஞ்சம் உயிர் வரட்டும் என்று அதை இறக்கினார்.

இரைச்சல் நின்றது. கொம்பும் விழுந்தது.

ஏறின வேகத்தில் இறங்கி, பாதிக்கும் கீழே வந்து நின்றது; ஹீட்டர்களும் கெண்டிகளும் மட்டும் ஒரு சின்ன மேடாக மிஞ்சின. அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி, சுவிட்சில் கை வைத்தபடி நின்ற பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்கள்.

பொன்னுலிங்கத்துக்கு மாவு மில்லும் மண்டபத்துச் சுவரும் மாசிலாமணியின் டீயும் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் தன் கையெழுத்து வந்தது.

அந்த ஹாலில் முட்டாள் என்று யாரும் இல்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதனால்தான் எல்லோரும் பொன்னாடையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். கடைசியில் தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமினார்.

"பாத்தீங்களா? நாம பிடிக்கக் கிளம்பிட்டோம்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டான்."

ஹால் மூச்சு விட்டது. ஆமாம் ஆமாம் என்றார்கள். எவ்வளவு சாமர்த்தியசாலி என்றார்கள். துணைவேந்தர் கையைத் தட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். அந்த இடத்திலேயே முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆய்வுக்கு நீட்டிப்பு. இறுதி அறிக்கை வந்ததும் மாசிலாமணியின் இணைப்பு துண்டிக்கப்படும். இனி கண்காணிப்புக்கு ஒரு துணைக்குழு, வாரா வாரம், இதே ஹாலில். அறிக்கை கைக்கு வந்த மறுநாளே ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றார் துணைவேந்தர்.

பிறகு அவரே இறங்கி வந்து பொன்னுலிங்கத்துக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். வாழ்க்கையில் முதல் பொன்னாடை. சரிகை வைத்தது.

மீட்டிங் முடிந்து ஜெபக்கனி ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பின்னாலேயே பொன்னுலிங்கமும் வந்தார். உச்சி வெயில். ஸ்கூட்டரின் இருக்கையில் கை வைக்க முடியவில்லை.

"மேடம், உங்களுக்கு முதல்லயே தெரியும்லா?"

ஜெபக்கனி ஹெல்மெட்டின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு என்ன சார்? உத்தரவு போட்டது நீங்கதானே."

பொன்னுலிங்கம் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். மாசிலாமணி பெயரை எழுதினால் தையில் முனைவர். ஹாலை எழுதினால் தன் உத்தரவும் வெளியே வரும், துணைவேந்தர் முகமும் சுருங்கும், நீட்டிப்பும் போகும். குருவின் ஆய்வுக்கூடமே அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. வீட்டில் மனைவி கேட்டால் என்ன சொல்வது, சம்பந்தி கேட்டால் என்ன சொல்வது. அந்த மனுஷன் பாவம், பட்டறையை நம்பிக் குடும்பம் இருக்கிறது, டீ வேறு வாங்கிக் கொடுத்தான்.

"நான் என்ன எழுதட்டும் மேடம்? அதை மட்டும் சொல்லிருங்க."

ஜெபக்கனி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"குளிருதா சார்?"

"எங்க மேடம், வேர்த்து ஊத்துது."

ஜெபக்கனி ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டரை வெயிலுக்குள் தள்ளினார்.

"அப்புறம் ஏன் அதை இன்னும் போர்த்திக்கிட்டு நிக்கிறீங்க?"