அழிக்காத பைல்கள்

பாளையங்கோட்டையில் வெண்ணிலா என்று ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடர், பிச்சையா. தூத்துக்குடித் துறைமுகத்தில் எலெக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபத்தைந்து வயது கூடுதல். தெருவில் இதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் இல்லை. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

டீச்சர் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். வேர்டிலோ எக்செலிலோ அடித்ததை டீச்சருடைய இணையதளத்தில் ஏற்றினால், மாடியில் இருக்கும் இந்தப் பெட்டி அதைப் பிடிஎப் ஆக்கித் திருப்பிக் கொடுக்கும். காசு கிடையாது. பைல் வேறு எந்தக் கம்பெனி கைக்கும் போகாது. ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளத்தின் முகப்பிலேயே எழுதியிருந்தார் டீச்சர். அதை நம்பித்தான் வக்கீல்களும் வந்தார்கள், டாக்டர்களும் வந்தார்கள்.

டீச்சருக்குக் கல்லூரியில் வேலை கிடைத்ததும் பெட்டி பிச்சையா பொறுப்புக்கு வந்தது. கற்றுக்கொடுத்ததை வரி பிசகாமல் செய்துவந்தார். ஒருநாள் ஒரு பைல் மாறாமல் பாதியில் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று திறந்து பார்த்தவர், கோளாறை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சேவியர் என்று யாரோ ஒருவர் தன் சின்ன வயதுத் தூத்துக்குடியை எழுதியிருந்தார். தோணியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள், ஆலைச் சங்கு ஊதியதும் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் புகைகிற அடுப்பு, சினிமாக் கொட்டகை வாசலில் மக்ரூன் விற்றுக்கொண்டு முழுப்படத்தின் வசனத்தையும் ஒப்பிக்கும் ஒற்றைக்கண் கிழவர். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் பிச்சையாவின் அம்மாவும் உலை வைத்தாள். மூட்டை ஏற்றியவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். பிச்சையாவுக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதுக்கு மேல் அழுதால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நன்றாகவே அழுதார்.

இதை அழிக்க மனசு வருமா? வரவில்லை. பெட்டி தானாக அழித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவைத்தார்.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே கல்யாணப் பத்திரிகை, பிரிவுபசார உரை, சம்பந்தி வீட்டுச் சண்டை என்று ஒவ்வொன்றாகத் திறப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டில் அவரோடு பேச ஆள் கிடையாது. இப்போது ஊரே பேசியது.

போன வாரம் ஒரு மெயில் வந்தது. எழுதியவள் ரோஸ்லின், சேவியரின் மகள். அப்பா இறந்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் ரிப்பேர் கடையில் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் தளத்தில் ஏற்றியதாக அப்பா சொல்லியிருந்தார். நீங்கள் அழித்திருப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன் என்று முடித்திருந்தாள்.

பிச்சையா அந்த மெயிலை இரண்டு முறை படித்தார். அனுப்பினால் பொய் வெளியே வந்துவிடும். அனுப்பாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அப்பா எழுதியது இல்லாமலே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மாடிக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"எப்பலேருந்து அழிக்கல அண்ணாச்சி?"

"நீங்க காலேஜுக்குப் போன கொஞ்ச நாள்லேருந்து."

"படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் இல்ல டீச்சர். நல்லாருக்கத மட்டும்."

"நல்லாருக்குன்னு படிக்காம எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, அந்தப் பிள்ளையோட அப்பா எழுதுனத வாசிங்க, கேப்போம்."

வாசித்தார். சங்கு ஊதும் இடத்தை இரண்டாவது தடவையும் வாசித்தார். மக்ரூன் கிழவரிடம் வந்தபோது டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பழைய தூத்துக்குடியிலேயே இருந்தார்கள்.

பிச்சையாவுக்குத் தைரியம் வந்தது.

"நீங்க சொன்னபடி அழிச்சிருந்தா இது போயிருக்கும்லா டீச்சர்? இப்ப ஒரு பிள்ளைக்கு அவ அப்பனையே எடுத்துக் குடுக்கப் போறோம். நான் செஞ்சது தப்புன்னு எப்படிச் சொல்லுதது?"

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பெட்டியில் சேர்ந்து கிடந்த பைல்களின் பெயர்களை ஓடவிட்டார். ஒன்றின் மேல் விரலை வைத்தார். திறக்கவில்லை.

"லீவு லெட்டர்னு இருக்கு. இது யாரு?"

"அதுவா? ஒரு அம்மா ஆபீசுக்கு எழுதுனது. ஆபரேசனுக்குப் போறாங்க."

"என்ன ஆபரேசன்?"

பிச்சையா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர். வீட்ல இன்னும் சொல்லல, யாரும் வீட்டுக்குப் போன் பண்ணாதீங்கன்னு எழுதிருந்தாங்க."

"அப்ப புருசனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்."

வெளியே பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.  பிச்சையா மெதுவாகக் கேட்டார்.

"ரோஸ்லினுக்குக் குடுக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டுமாவது சொல்லுங்க."

"குடுங்க அண்ணாச்சி, இப்பவே அனுப்பிருங்க. அனுப்பிட்டு இந்த அம்மாவுக்கும் ஒரு போன் போட்டு, உங்க லெட்டரும் எங்ககிட்ட பத்திரமா இருக்கு, படிச்சும் பாத்தாச்சுன்னு சொல்லிருங்க."