வலப்பக்கத்து ஒளி

“இந்த ஒளிக்கு ஒழுங்கே கிடையாது மேடம்,” என்றார் பெரியநாயகம்.

கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, தலை நரைத்த பிறகு ஆய்வுக்கு வந்தவர் அவர். வழிகாட்டி இன்பவல்லி அவரைவிட வயதில் சிறியவர். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெரியநாயகத்தின் பதிவே ரத்தாகிவிடும். அந்த எரிச்சலை யார்மேலாவது கொட்ட வேண்டுமே. ஒளி திருப்பிப் பேசாது.

லேசர் ஒளி எலக்ட்ரானில் மோதினால் பெரும்பாலும் ஓர் ஒளித்துகள்தான் தெறிக்கும். அபூர்வமாக இரண்டு சேர்ந்து பிறக்கும், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். எவ்வளவு தூரம் போனாலும் அவை பிணைந்தே இருக்கும், ஒன்று ஆடும் விதம் மற்றது ஆடும் விதத்தோடு பொருந்தும் என்று காட்டுவதுதான் ஆய்வு.

இடப்பக்கக் கருவி பெரியநாயகத்துடையது. வலப்பக்கம் அமலோற்பவம் என்ற சக ஆய்வாளருடையது. சாயங்காலமானால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இரு பக்கமும் ஒரே நேரத்தில் வந்த துகள்களின் பதிவை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பார்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தது. பேச்சு நின்றது. சரிபார்ப்பதும் நின்றது. அமலோற்பவம் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

“என் பக்கத்துல ஒரு துகள் நெடுக்கா ஆடுது, அடுத்தது குறுக்கா ஆடுது. தலையும் புரியல, வாலும் புரியல. இத்தனை வருஷ உழைப்பும் வீண்.”

இன்பவல்லி கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

“நான்தான். கேளுங்க.”

காதில் வைத்தபடி காத்திருந்தார்.

“ஆமா.”

“இல்ல.”

“ஆமா.”

பிறகு பெரியநாயகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“இல்ல,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“நான் என்ன பேசினேன் சார்?”

“ஆமா, இல்லன்னீங்க. அதை வெச்சு என்னத்தைச் சொல்றது?”

“பொய் சொன்னேனா?”

“அந்தப் பக்கம் கேட்டது தெரியாம எப்படிச் சொல்ல முடியும்?”

சொல்லி முடிப்பதற்குள், தன் பக்கத்து ஒளிக்கும் இதே கதிதான் என்று அவருக்கு உறைத்தது. அமலோற்பவம் போன மறுநாளே, கணினியில் இடமில்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, வலப்பக்கத்துப் பதிவுகளை ஒன்றுவிடாமல் அழித்தது அவர்தான். வேறு பிரதி கிடையாது. யாருக்கும் தெரியாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

“போன்ல யாரு மேடம்?”

“அமலோற்பவம்.”

“என்ன கேட்டாங்க?”

“நீங்க பக்கத்துல இருக்கீங்களான்னு கேட்டாங்க. அவங்க பதிவு எங்கயாவது மிச்சம் இருக்கான்னு கேட்டாங்க. அழிச்சது நீங்கதானான்னு கேட்டாங்க, கணினியில உங்க பேர் பதிவாயிருக்கே.”

மூன்று பதிலும் அவர் காதுபடச் சொன்னவைதான். நாலாவதைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. ஆனாலும் கேட்டார்.

“கடைசியா?”

இன்பவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“‘இன்னிக்காவது வாயைத் திறந்து ஒத்துக்கிட்டாரா’ன்னு கேட்டாங்க.”