ஓங்கிலின் மூச்சு

அரூரில் புளி மண்டி வைத்திருந்த சின்னக்கண்ணு, அறுபது வயதுக்கு மேல் ஆழம் தெரியாமல் காலை விட்டவர். மனைவி போன துக்கத்தில் கடலோர மடம் ஒன்றுக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டார். அங்கே குரு நீலவேணி அம்மா. மீனவர் வீட்டுப் பெண், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மடத்தில் முதல் ஒரு வருடம் மௌனம். குருவோடு மட்டும் பேசலாம். ஊருக்கு ஒரு கடிதாசிகூடப் போகக் கூடாது.

எட்டாம் மாதம் அவருக்குத் தாங்கவில்லை. சுற்றிலும் பதினொரு பேர், அதே மொட்டை, அதே காவி. அவர்கள் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. இவருக்கோ நெஞ்சை அடைத்தது. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு தனியாக அவர் என்றைக்குமே இருந்ததில்லை. தான்தான் போலி என்று முடிவு கட்டி, சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு காலையில் குருவைத் தேடிக் கடற்கரைக்குப் போனார்.

முழங்கால் தண்ணீரில் பெரிய மீன் ஒன்று தரைதட்டிக் கிடந்தது. தண்ணீர் போதாமல் சாகப்போகிறதே என்று பதறி ஓடி, அதன் தலையை நீருக்குள் அமுக்கினார். அது துடித்தது. இன்னும் அமுக்கினார்.

"ஐயா, விடுங்க! கொன்னுபோடாதீங்க!"

நீலவேணி அம்மா ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டு, அதன் தலையைத் தூக்கினார். உச்சந்தலையில் ஒரு துளை திறந்து புஸ்ஸென்று மூச்சு வந்தது.

"இது மீன் இல்லய்யா, ஓங்கில். டால்பின்னு சொல்வாங்களே, அதுதான். குட்டி போட்டுப் பால் குடுக்கிற சாதி. மேல வந்துதான் மூச்சு விடும்."

"அச்சு அசல் சுறா மாதிரி இருக்கேம்மா. ஒரே வம்சம்னு நினைச்சேன்."

"ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ரெண்டும் ஒரே தண்ணியில பொழைக்குது. தலைமுறை தலைமுறையா அந்தத் தண்ணிக்கு ஏத்தாப்ல ஆயிப்போச்சு."

இருவருமாக அதை ஆழத்துக்குத் தள்ளிவிட்டார்கள். "எனக்கும் இங்க மூச்சு முட்டுதும்மா, போயிடலாம்னு இருக்கேன்" என்றார் சின்னக்கண்ணு.

"உங்களுக்கு எங்கய்யா மூச்சு?" என்று குரு கேட்டார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

"ஊர்ல எங்க அக்கா இருக்கா. அவளும் ஒண்டிக்கட்டை. சாயங்காலமானா அவகூட ரெண்டு வாய்ச் சண்டை போடாட்டி எனக்குச் சோறு எறங்காது."

"போய்ப் போட்டுட்டு வாங்க."

"பாதியில எந்திரிச்சுப் போனவனை மடம் திரும்பச் சேத்துக்குமாம்மா?"

"மேல போயி மூச்சு எடுத்துட்டு வர்றத, கடல் என்னைக்காவது வேணாம்னு சொல்லியிருக்காய்யா?"