நாலாவது பட்டை

எங்கள் குட்டி விமானக் கம்பெனி இப்போது இல்லை. இருந்த காலத்தில் அதனிடம் மூன்றே விமானம். மூன்றும் இறக்கையில் காத்தாடி வைத்தவை. நான் அங்கே லோடு ஷீட் போட்டேன். ஆள் எங்கே உட்கார்ந்தால், பெட்டி எங்கே இருந்தால் விமானம் ஒரு பக்கம் சாயாது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இன்றைக்கும் எங்கேயாவது காத்தாடிச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். ஏக்கம்தான், மறைப்பானேன்.

கேப்டன் மெஹருன்னிசாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட சகாயத்துக்கு நாற்பத்து மூன்று. பன்னிரண்டு வருஷம் விமான மெக்கானிக்காக இருந்துவிட்டு, அப்புறம் விமானி ஆன மனிதர். சகாயம் 'மேடம்' என்பார், மேடம் 'அண்ணே' என்பார்.

தோளில் மூன்று பட்டை என்றால் துணை விமானி. நாலு என்றால் கேப்டன். சகாயத்துக்கு அந்த நாலாவது பட்டையின் மேல்தான் உயிர்.

அந்த வாரம் அவருக்கு இரண்டு இடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. வந்த நாள் முதல் ஆளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. எங்கே போகலாம் என்று கேன்டீன்காரரிடம் கேட்டார். பெட்டி ஏற்றுகிறவர்களிடம் கேட்டார். என்னிடம் மட்டும் நாலு தடவை.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பெட்டி எடைதான். போய் மேடத்தைக் கேளுமய்யா" என்றேன்.

கேட்டார். மத்தியானம் மூன்று மணி. முந்தின நாள் முழுக்க ஓய்வில் நின்ற விமானம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், பெரிய கம்பெனியில கூப்பிடுறாங்க. கடல் தாண்டிப் பறக்கலாம். ஆனா சீனியாரிட்டியில நான்தான் கடைசி ஆளு. நாலாவது பட்டை வர்றதுக்குள்ள ரிட்டயர்மென்ட் வந்துரும்."

"ம்."

"மலிவு டிக்கெட் கம்பெனியில நாலு வருஷத்துல கேப்டன். ஆனா ஒரு நாளைக்கு அஞ்சு தடவை ஏறி இறங்கணும். பொண்டாட்டி பிள்ளை முகம் போட்டோவுலதான்."

"ம்."

"இங்கேயே இருந்தா அடுத்த வருஷமே பட்டை. ஆனா அடுத்த வருஷம் கம்பெனி இருக்குமா?"

"லோடு சாரையே கேளுங்க."

நான் ஷீட்டைப் பார்த்துக்கொண்டேன். பாதி சீட் காலி.

"விளையாடாதீங்க மேடம். பெரிய கம்பெனிக்காரங்க நாலு மணிக்கு போன் பண்ணுவாங்க. எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். நான் எங்கே போனா கேப்டன் ஆவேன்? அதை மட்டும் சொல்லுங்க."

"முதல்ல விமானத்தைச் சுத்திட்டு வாங்க."

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் விமானி ஒருவர் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கு முதல் வால் வரை கண்ணால் பார்க்க வேண்டும். சகாயம் ஆயிரம் தடவை செய்த வேலை. அவர் வால் பக்கம் திரும்பியதும் மேடம் தன் இரண்டு தோளிலும் மாட்டியிருந்த, நாலு நாலு பட்டை போட்ட துணிகளைக் கழற்றி, முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை மேல் வைத்துவிட்டார். எனக்குப் பக்கென்றது. விமானத்தின் கிட்டே ஒரு குண்டூசி கிடந்தாலே சத்தம் போடுகிற பெண்மணி அவர். அவற்றை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை நான்.

சகாயம் அந்தக் கட்டையைத் தாண்டி வந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. மனசுக்குள் இன்னும் கம்பெனிகளை எண்ணிக்கொண்டிருந்தார் போல.

"எல்லாம் சரியா இருக்கு மேடம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அப்போதுதான் மேடத்தின் வெறும் தோளைச் சகாயம் பார்த்தார்.

"பட்டை எங்கே மேடம்?"

"நீங்கதானே தேடிக்கிட்டிருக்கீங்க. இன்னொரு சுத்து போயிட்டு வாங்க அண்ணே."

போனார். முன் சக்கரத்துக்கிட்டே குனிந்து எடுத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. கொண்டுவந்து கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேற்கொண்டு நடந்தார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு மூடியாகத் தொட்டுத் தொட்டு.

இடது எஞ்சினுக்குக் கீழே நின்றார். காற்றுப் போகிற வாயில் ஒரு துரும்பு தொங்கியது. ஏணி போட்டு ஏறினார். கையை உள்ளே விட்டார். காய்ந்த புல், நூல், தென்னை நார் என்று கை நிறைய வந்தது.

"மைனா கூடு" என்றார். "முதல் சுத்துலயும் இது இங்கேதான் இருந்திருக்கும்."

மேடத்தின் முகமும் மாறியது. கூடு இருந்தது அவருக்கும் தெரியாது.

பயணிகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஸ்டேஷன் மேனேஜர் ஓடிவந்தார். "எடுத்தாச்சில்ல? கிளம்புங்க. மேலிடத்துல பதில் சொல்ல முடியாது."

"உள்ளே இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரியாது சார்" என்றார் சகாயம், ஏணியில் நின்றபடியே. "எஞ்சினைத் திறந்து பார்க்காம கிளம்பாது. யாரையும் ஏத்தாதீங்க."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். மேடம் வானத்தைப் பார்த்தார்.

எஞ்சினியர் வந்து மூடியைத் திறந்தார். சகாயமும் பழைய மெக்கானிக்காகச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவருடன் நின்றார். உள்ளே இன்னும் ஒரு கைப்பிடி இருந்தது. எல்லாம் எடுத்து, சோதித்து, மூடியைப் பூட்டும்போது மணி நாலே முக்கால். மனிதர் முகமெல்லாம் கிரீஸ். அவ்வளவு நிம்மதியாக அவரை அந்த வாரம் நான் பார்க்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அதில் எடுக்காத அழைப்பு மூன்று.

"போச்சு மேடம்" என்றார். "பெரிய கம்பெனி போச்சு. எனக்கு ஞாபகமே இல்லை." கண் கலங்கியிருந்தது. "இப்பவாவது சொல்லுங்க. நான் எங்கே போனா கேப்டன் ஆவேன்?"

மேடம் கையை நீட்டினார். சகாயம் சட்டைப் பையிலிருந்த பட்டைகளை எடுத்துக் கொடுத்தார். மேடம் அவற்றைத் தோளில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது ரெண்டும் ஒன்றரை மணி நேரமா உங்க பையிலதான் கிடந்துச்சு அண்ணே. விமானம் கிளம்பாதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னது யாரு? நானா?"

சகாயம் போனைப் பையில் போட்டுக்கொண்டு, விமானத்தை மூன்றாவது சுற்றுச் சுற்றக் கிளம்பினார்.