அரைச் சாணில் படிந்த பேரம்

கள்ளிக்காட்டில் சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அது ஓட்டாயி என்ற ஆமையை வளர்த்துவந்தது. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களையே வேலியாக நட்டு, வளைக்கு முன்னால் ஆமையை விட்டிருந்தது.

பேரம் பேசாமல் சிலுப்பன் ஒரு கிழங்கைக்கூடத் தின்றதில்லை. சின்ன வயதில் நரியிடம் ஏமாந்தது. பிறகு எலியிடம் ஏமாந்தது. அடிபட்டு அடிபட்டு ஒரே ஒரு பாடம் படித்தது: 'எவன் என்ன சொன்னாலும் பாதிக்குக் கேள்!'

ஒருநாள் ஓட்டாயி கோவைப்பழத்தைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்தது. பின்னங்காலால் மண்ணைப் பறித்தது. பறித்த இடத்தில் மூத்திரமும் பெய்தது.

சிலுப்பனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"என் பழத்தைத் தின்னுட்டு என் வாசல்லயே இந்த வேலையா! கூடக் கேக்குறியா? சரி, ரெண்டு பழம்!"

"பழம் வேண்டாம்ணே. ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்ட விடுங்க."

அப்படி வா வழிக்கு என்று நினைத்தது சிலுப்பன்.

"நாலு விரல்!"

"ஒரு சாண் வேணும்ணே."

"அழுத்தக்காரி! போ, அஞ்சு விரல்!"

வேலிக்கு வெளியே நின்ற ஆள்காட்டிக் குருவிக்குப் பொறுக்கவில்லை.

"யோவ்! அது வயித்துல முட்டை நிக்குதுய்யா! அதான் சாப்பாட்டை விட்டுட்டு இடம் தேடுது. மூத்திரம் பெஞ்சு மண்ணை இளக்குது. நானும் தரையில முட்டை போடுறவதான், எனக்குத் தெரியாதா? ஆழம் பத்தலைன்னா உடும்பு மோப்பம் பிடிச்சிடும்!"

"தரகு பேச வந்துட்டியா! உடும்பைக் காட்டிப் பயமுறுத்துறியே, இது நான் பார்க்காத சந்தையா?"

முட்டை பேரம் முடியும்வரை காத்திருக்குமா? சாயங்காலம் ஓட்டாயிக்கு வலி கண்டுவிட்டது.

"சரிண்ணே. அரைச் சாண்."

பேரம் படிந்தது! சிலுப்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டது. ஒரு முள்ளைக் குழிக்குள் விட்டு அளந்து பார்த்தது. அரைச் சாணுக்கு மேல் ஒரு நகக்கண் அளவுகூடத் தோண்ட விடவில்லை. ஓட்டாயி முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, அடிவயிற்று ஓட்டால் தட்டித் தட்டி அமுக்கியது.

சிலுப்பன் நிம்மதியாகப் போய்ப் படுத்தது. அரைச் சாண் மண் மிச்சம்.

வெயில் ஏறியதும் வெளியே வந்து பார்த்தது. வேலி சாய்ந்து கிடந்தது. குழி திறந்து கிடந்தது. முட்டையோடுகள் வாசலெங்கும் சிதறிக் கிடந்தன. புதரோரம் ஓர் உடும்பு நாக்கைச் சுழற்றி வாயை நக்கிக்கொண்டு போனது.

சாய்ந்த வேலியைத் தாண்டி ஓட்டாயி நடந்துகொண்டிருந்தது.

"நில்லு! முழுச் சாணும் தர்றேன்!"

ஓட்டாயி நிற்கவில்லை.

"ரெண்டு சாண்! சரி, வாசல் முழுக்க எடுத்துக்கோ!"

ஓட்டாயி ஒரே ஒருமுறை கழுத்தைத் திருப்பியது.

"நான் சொன்னது விலை இல்லைண்ணே. ஆழம்."

ஆமை நடைதானே, கண்ணுக்கு மறைய மத்தியானம் ஆனது. அதுவரைக்கும் சிலுப்பன் விலையை ஏற்றிக்கொண்டே நின்றது.

எதையும் பாதிக்குக் கேட்டே பழகிய காதில், அடுத்தவர் உயிர்த்தேவையும் பேரமாகத்தான் விழும்.