பஞ்சாரத்துக்குள்ள போன நாய்

ஒரு ஊர்ல ஒரு பஞ்சாரம் இருந்துச்சாம். ராசா இல்ல, ராணி இல்ல, பஞ்சாரம். மூங்கில்ல பின்னுன பெரிய கூடை. சாயங்காலம் ஆனா "பா... பா... பா..."ன்னு கூப்பிட்டு, கோழியெல்லாம் வந்ததும் மேல கவுத்தி வச்சிருவாங்க. அவ்வளவுதான், விடியிற வரைக்கும் ஒரு பூனை தொட முடியாது. காலத் தள்ளிப் போடு, போர்வைய நான் இழுக்கணும். கேக்குறியா?

"ம்."

அந்தப் பஞ்சாரத்துக்கு ஒரு சொந்தக்காரி. பன்னெண்டு கோழி வச்சிருந்தா. அதனால ஊரையே வாங்கிட்ட மாதிரி ஒரு நடை. ராங்கிக்காரின்னா அப்படி ஒரு ராங்கிக்காரி!

"மூக்கு இப்பிடி இருக்குமா ஆச்சி?"

இருக்கும், இருக்கும். தூக்கித்தான் இருக்கும். அவளுக்கு ஒரே மகன், வாயத் தொறக்காத பய. அவனுக்குக் கல்யாணம் ஆச்சு. மறுவீடு முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் வேன்ல வந்து எறங்குறாங்க. ஆரத்தித் தட்ட எடுத்துட்டு மாமியாக்காரி வாசலுக்கு வாரா. பாத்தா, வேனுக்குப் பின்னால லொங்கு லொங்குன்னு ஒரு நாய்! கருகருன்னு, நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு, நாலு மைல் ஓடி வந்திருக்கு. பொண்ணு வீட்டு நாய். பேரு கருப்பட்டி.

மருமக ஓடிப் போயி அதக் கட்டிக்கிட்டு அழுதுட்டா. வந்த எடத்துல அவளுக்குத் தெரிஞ்ச மூஞ்சி அது ஒண்ணுதான. மாமியாக்காரி என்ன சொன்னா தெரியுமா? "இங்க பாரு தாயி, இது கோழி இருக்குற வீடு. ஒத்த எறகு கீழ விழுந்தாலும் நாயி உங்க ஊருக்குப் போயிரணும்."

"சரி அத்தை"ன்னா அந்தப் புள்ள.

அப்புறம் மொத நாளு, நாய்க்குச் சோறு வச்சா. கோழிக்கு அடுத்தவன் தட்டுன்னா தெரியுமா? வந்து கொத்துச்சு. நாயி "வள்"ளுன்னுச்சு. அம்புட்டுத்தான், பன்னெண்டும் பட பட படன்னு ஓட்டு மேல. "பாத்தியா!"ன்னு மாமியா குச்சியோட வந்துட்டா. அப்போ மருமக யோசிச்சா. மறுநாள்ல இருந்து நாய்க்குக் கொல்லைப் பக்கம், கோழிக்கு முத்தத்துல. சோத்தப் பிரிச்சா சண்ட பாதி போச்சு.

ரெண்டாவது, கோழி ஓடுனா நாய்க்குக் காலு நிக்கல, தொரத்தப் பாக்குது. அப்போ அவ ஒரு காரியம் பண்ணுனா பாரு! பகல்ல பஞ்சாரம் சும்மாதான கெடக்குது? நாயப் பிடிச்சு அதுக்குள்ள விட்டு, டபக்குன்னு கவுத்திட்டா!

"ஹி... நாயவா?"

நாயத்தான்! அது உள்ள, கோழியெல்லாம் வெளிய. சுத்தி வந்து எட்டி எட்டிப் பாக்குதுங்க. சாம்பக்கோழின்னு ஒண்ணு, அதுக்குத் துணிச்சல் சாஸ்தி, சந்து வழியா நாயோட காத டொக்கு டொக்குன்னு கொத்துது. மருமக பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, நாயி சும்மா படுத்தா ஒரு வாயி கருவாடு, எந்திரிச்சுக் குதிச்சா ஒண்ணும் கெடையாது. நாளுக்குக் கொஞ்ச நேரம், இப்பிடி எட்டு நாளு.

மூணாவது, கூடைய எடுத்துட்டுக் கயித்தோட விட்டா, கயிறு அவ கையில. கோழி மூக்குக்கு நேரா போகுது, நாயி மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு! மருமகளுக்குச் சிரிப்பு தாங்கல. நாளெல்லாம் அதுகிட்டயே பேச்சு. "கருப்பட்டி, எங்கம்மா இந்நேரம் என்ன பண்ணும்? கருப்பட்டி, இந்த அத்தை ஏன்டா சிரிக்கவே மாட்டேங்குது?" உள்ள இருந்து மாமியாக்காரி கேட்டுக்கிட்டே இருந்தா. தூங்கிட்டியா?

"ம்கூம்."

மாமியாக்காரிக்கு ஒரு பழக்கம். காலையில பஞ்சாரத்தத் தூக்குறப்போ ஒவ்வொரு கோழியா பிடிச்சு, வயித்துக்கு அடியில தடவிப் பாப்பா. முட்டை இருந்தா அந்தக் கோழிய மட்டும் திரும்பக் கவுத்திருவா, எங்கயாவது போயி இட்டுறக் கூடாதுல்ல. இந்த நாயி வந்ததுல இருந்து அவ தடவவே இல்ல. பஞ்சாரத்தத் தூக்குவா, குச்சியப் பிடிப்பா, நாயவே மொறச்சுக்கிட்டு நிப்பா. சாம்பக்கோழி முட்டையக் காணோம்னதும், "நாயப் பாத்து மிரண்டு நிறுத்திருச்சு"ன்னா. ஒரு நாளு கோழியவே காணோம்!

ஊரெல்லாம் தேடியாச்சு. "தின்னுருச்சு! எறகு கூட விடாம தின்னுருச்சு!"ன்னு ஒரே கத்து. மருமக "இல்ல அத்தை, அது செய்யாது அத்தை"ன்னு அழுவுறா. யாரு கேட்டா? "ஆடிக்கு உங்கண்ணன் உன்னக் கூப்பிட வருவான்ல? நாயையும் கொண்டு போ. ஆடி கழிஞ்சு நீ மட்டும் வா." சொல்லிட்டு, அவளே நாய இழுத்துட்டுப் போயி, கொல்லையில பருத்திமார், அதான் காஞ்ச பருத்திச்செடி, குமிச்சுக் கெடக்கும் பாரு, விறகுக்கு, அதுக்குப் பக்கத்துல கட்டிப் போட்டா.

இன்னும் மூணு வாரம் இருக்கு ஆடிக்கு. நாயி அங்கயே கெடக்குது. பூனை வந்தா "உர்ர்ர்", கீரி வந்தா "வள் வள் வள்". ஆனா தட்டுல தெனமும் ஒரு கை சோறு மீதி வைக்குது. "திருடுன மனசு, சோறு எறங்கல"ன்னா மாமியா. மருமகளும் சாப்புடல. அவ எளச்சதயும் அந்த மகராசி பாத்தா. பாத்தும் பேசாம இருந்தா.

ஆடி பொறந்துச்சு. அண்ணங்காரன் வந்தான். கயித்த அவுத்து இழுக்குறான், நாயி நகரல. நாலு காலயும் ஊனிக்கிட்டு நிக்குது. தர தரன்னு இழுத்தான், "ங்ங்ங்"ன்னு அழுவுது. அப்போ அந்தப் பருத்திமாருக்குள்ள இருந்து, "கெக்கே கெக்கே கெக்கே!" சாம்பக்கோழி! செலுப்பிக்கிட்டு ஓடி வந்து அண்ணங்காரன் கால்ல ஒரே கொத்து! அது பின்னாடியே கீச் கீச் கீச்னு... ஒண்ணு, ரெண்டு... ஒம்பது குஞ்சு! அதுல ஒண்ணு நேரா நாயி வயித்துக்கு அடியில போயி நொழஞ்சுக்கிச்சு.

"அப்ப அந்தச் சோறு?"

கோழிக்கு வச்சது! அடகாக்குற கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவதான எந்திரிச்சு வரும்? வந்து நாயி தட்டுல தின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கு.

மருமக தலையக் குனிஞ்சுக்கிட்டே பையத் தூக்குனா, ஒரு வார்த்த சொல்லிக் காட்டல. அப்போதான் மாமியா வாயத் தொறந்தா. "நாயி இங்கயே இருக்கட்டும் தாயி. அது இங்க இருந்தா நீயும் வெரசா வந்துருவல்ல?"

அப்புறம் அவ போயிட்டா. வீடு வெறிச்சுன்னு ஆயிருச்சு. அவ திரும்பி வர்ற வரைக்கும் நானும் கருப்பட்டியும்தான் பேசிக்கிட்டுக் கெடந்தோம்.

"ஆச்சி... நானும்னு சொன்ன?"

ஆமாடி, நாந்தான். அந்த ராங்கிக்காரி நாந்தான். நாயக் கண்டு எனக்கென்ன பயம்? வந்த புள்ள என்கிட்ட பேசாம அதுகிட்டயே பேசுறாளேன்னு பொறாம. கூப்பிட்டு ஒரு வார்த்த நான் பேசியிருந்தா பேசியிருப்பா. நெனச்சா இன்னைக்கும் வெக்கமா இருக்கு.

"அப்ப அந்தப் பொண்ணு... அம்மாவா?"

சுவத்துக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கிறாளே, அவதான். ஆடி முப்பதும் முடியல, இருபதாம் நாளே வந்துட்டா. நாய்க்காகன்னுதான் நெனச்சேன். பஸ்ஸ விட்டு எறங்குனதும் மொதல்ல என் கையத்தான் பிடிச்சா. நீ பொறந்து வீட்டுக்கு வந்தன்னைக்குக் கருப்பட்டி இருந்துச்சு, கெழடாயிருச்சு. உன் தொட்டிலுக்குக் கீழ படுத்துக்கிட்டு ஒரு கோழிய உள்ள விடல. இருந்த வரைக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு.

"ம்ம்..."

கோழி அடஞ்சிருச்சு, நாயி சுருண்டுக்கிச்சு, கதையையும் பஞ்சாரம் போட்டுக் கவுத்தியாச்சு. கண்ண மூடு ராசாத்தி.